காணாக்கடி இல்லை

"வீக்கத்துக்கு மாத்திரை கொடுங்கள்." வேலூர் சத்துவாச்சாரியில் மருந்துக்கடை நடத்துகிற எனக்கு இந்த வாக்கியம் பழகிவிட்டது. எங்கே வீக்கம், எப்போது வந்தது, வலிக்கிறதா, அரிக்கிறதா என்று எதையும் சொல்ல மாட்டார்கள். பல் வீங்கினாலும் கணுக்கால் வீங்கினாலும் ஒரே மாத்திரைதான் என்று ஊர் முடிவு செய்து வெகுகாலம் ஆகிறது. அப்படி அதிகம் கேட்டு வாங்கப்படுவது செராஷியோபெப்டிடேஸ். பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து முதலில் எடுக்கப்பட்ட நொதி அது. அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜப்பானின் டாக்கேடா நிறுவனமே, புதிய சோதனைகளில் பயன் நிரூபணமாகவில்லை என்று 2011-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் ஊரில் இன்றும் அது விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. என் கடையிலும் இருக்கிறது. டாக்டர் எழுதுகிறார், நான் கொடுக்கிறேன்.

உதடு வீங்கி வருகிறவர்கள் தனி ரகம். முகக்கவசத்தோடு வருவார்கள். கூட்டம் கலையும்வரை பிஸ்கட் அலமாரிப் பக்கம் நிற்பார்கள். பிறகு கவுண்டருக்கு வந்து, முகக்கவசத்தை அரை அங்குலம் இறக்கிக் காட்டிவிட்டு உடனே ஏற்றிக்கொள்வார்கள். கேட்டால் பூச்சி கடித்தது என்பார்கள், லிப்ஸ்டிக் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். சிலருக்கு அது உண்மையாகவே இருக்கும். சிலர் உதட்டைப் பருமனாக்க ஊசி போட்டிருப்பார்கள், அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

வேலூர் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருக்கிற ஊர். அங்கே வருகிற எதுவும் இங்கே வர அதிக நாள் பிடிப்பதில்லை. லாங் பஜாரில் பாசி மணியும் ஸ்டிக்கர் பொட்டும் வாங்கிய தலைமுறையின் மகள்கள் இன்று உதட்டுக்கு ஃபில்லர், அதாவது உதட்டை நிரப்பிப் பருமனாக்குகிற ஜெல் ஊசி, போட்டுக்கொள்கிறார்கள். இதில் எனக்கு ஒழுக்கப் பிரச்சினை எதுவும் இல்லை. காது குத்தி மூக்குக் குத்தி பச்சை குத்திக்கொண்ட பாட்டிகளின் பேத்திகள் நாம். உடம்பை அழகுபடுத்துவது நமக்குப் புதிதல்ல. புதிதாக இருப்பது அதை மறைப்பதுதான். பாட்டி மூக்குக் குத்தினால் ஊருக்கே வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னார்கள். பேத்தி உதட்டில் ஊசி போட்டால் பெற்ற தாய்க்கும் தெரிவதில்லை.

என் அண்ணன் மகள் காட்பாடி காந்தி நகரில் மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். கைத்தொழிலில் கெட்டிக்காரி. அவளுடைய தொழிலில் முகமே விளம்பரப் பலகை என்பாள். ஒரு ஆவணி முகூர்த்த வரிசைக்கு முன்பாக உதட்டை நிரப்பிக்கொண்டாள். எங்களிடம் சொல்லவில்லை. அந்த வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது உதடு தடித்திருந்தது, ஓரத்தில் கன்றிப்போன நீலம் இருந்தது. புதிய லிப்ஸ்டிக் என்றாள். அண்ணி அந்த லிப்ஸ்டிக்கைத் தேடி எடுத்துக் குப்பையில் போட்டார். சில நாளில் வீக்கம் வடிந்தது. எல்லோரும் மறந்துவிட்டோம்.

அந்த முதல் வீக்கத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. ஊசி போட்ட இடம் வீங்கத்தான் செய்யும். உதட்டில் ரத்த ஓட்டம் அதிகம், தோல் மெல்லியது. கூடவே உள்ளே போகிற பொருளின் குணமே நீரை இழுத்து வைத்துக்கொள்வது. இரண்டு மூன்று நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்தில் அடங்கும். மேலுதடு ஒரு பக்கம் தூக்கலாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரிந்தாலும் அந்தக் காலத்துக்குள் பெரும்பாலும் சமமாகிவிடும். இதற்குப் பயந்து மருந்துக்கடைக்கு ஓட வேண்டியதில்லை. துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒற்றடமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

உள்ளே போகிற அந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று உதட்டுக்குப் போடுவதில் பெரும்பகுதி ஹயலூரோனிக் அமில ஜெல். அமிலம் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது நம் உடம்பிலேயே இருக்கிறது. 1934-இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். எழுபது கிலோ எடையுள்ள மனிதரின் உடம்பில் சுமார் 15 கிராம் இருக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அன்றாடம் கரைந்து புதிதாக உருவாகிறது. இயற்கையான அமிலத்தை அப்படியே ஊசியில் போட்டால் அதுவும் ஓரிரு நாளில் கரைந்துவிடும். அதனால் அதன் இழைகளை ஒரு வேதிப்பொருளால் ஒன்றோடொன்று பிணைத்து, உடம்பு எளிதில் உடைக்க முடியாத ஜெல்லாக மாற்றுகிறார்கள். ஒரு காலத்தில் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பாக்டீரியாவை வளர்த்து நொதிக்க வைத்து எடுக்கிறார்கள்.

இதற்கு முன்பு இருந்தது மாட்டுக் கொலாஜன். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது சிலருக்கு ஒவ்வாமையைக் கொடுத்ததால் முன்கூட்டியே கையில் சோதனை ஊசி போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹயலூரோனிக் ஜெல்லுக்கு அந்தச் சோதனை தேவைப்படவில்லை. அமெரிக்க மருந்துத் துறை 2003-இல் முகச் சுருக்கத்துக்கும், 2011-இல் உதட்டுக்கும் முதலில் அனுமதி கொடுத்தது. அங்கே இதற்குச் சொல்லப்படும் வயது 22-உம் அதற்கு மேலும். இங்கிலாந்தில் 2021 அக்டோபரிலிருந்து அழகுக்காக 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் போடுவதே குற்றம். நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் என்னிடம் விலை விசாரிக்கிறார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள்.

ஒரு சிரிஞ்சில் இருப்பது பெரும்பாலும் ஒரு மில்லி. டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு ரகளையும் அந்த ஐந்தில் ஒரு பங்குக்குத்தான்.

கதைக்கு வருகிறேன். மார்கழி கடைசியில் என் அண்ணன் மகளுக்குக் கடைவாய்ப் பல் சீழ் பிடித்தது, கூடவே காய்ச்சல். தை முகூர்த்தங்கள் தலைக்கு மேல் நின்றன. பல்வலிக்கு மாத்திரை போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் எழுந்தபோது இரண்டு உதடுகளும் தடித்திருந்தன. மதியத்துக்குள் மேலுதடு மூக்கைத் தொடுவதுபோல் ஏறி நின்றது.

அன்றைக்கு அந்த வீட்டில் எத்தனை வைத்தியர்கள்! பக்கத்து வீட்டு அம்மா பார்த்தவுடனே காணாக்கடி என்றார். என்ன கடித்தது என்று தெரியாவிட்டால் அது காணாக்கடி, அதற்கு வேப்பிலை அடித்துப் பாடம் போட்டால் இறங்கும். அண்ணி அதற்கும் ஏற்பாடு செய்தார். அண்ணன் முந்தைய இரவுச் சாப்பாட்டைக் கிளறினார். முள்ளுக் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. எங்கள் மாவட்டத்துக்கே பெருமையான காய், ஆனால் எந்த வீட்டில் யாருக்குத் தடித்தாலும் முதல் குற்றவாளி அதுதான். அன்றோடு அந்த வீட்டில் கத்தரிக்காய் நிறுத்தப்பட்டது. கருவாடு, முட்டை, நிலக்கடலை எல்லாம் பின்னாலேயே போயின.

என் கடையிலிருந்து செட்ரிசின் போயிற்று. அது அரிப்புக்கும் தடிப்புக்கும் வேலை செய்யும் மாத்திரை. இரண்டு நாள் கழித்து, "குறையவே இல்லையே, அத்தை" என்றாள். அரிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்கு அங்கேதான் இடறியது. ஒவ்வாமைத் தடிப்பு அரிக்கும். ஒரு இடத்தில் கிளம்பும், சில மணி நேரத்தில் அடங்கும், வேறு இடத்தில் கிளம்பும். இது அப்படி அலையவில்லை. காலையில் கூடியது, மாலையில் கொஞ்சம் இறங்கியது, உதட்டை விட்டு எங்கும் போகவில்லை. அதற்குள் அண்ணி, தன் மூட்டுவலிக்கு முன்பு எழுதிய சீட்டில் மிச்சமிருந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்துவிட்டார். உதடு அழகாக இறங்கிவிட்டது. கத்தரிக்காயை நிறுத்தியதன் பலன் என்று வீடே நம்பியது. மாத்திரை தீர்ந்ததும் உதடு பழைய இடத்துக்கே திரும்பி வந்தது, முன்னைவிடக் கெட்டியாக.

தோல் டாக்டரிடம் நானும் போயிருந்தேன். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிய இரண்டு விரல்களால், ஒன்று வாய்க்கு உள்ளே, ஒன்று வெளியே, மேலுதட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக உருட்டிப் பார்த்தார். பிறகு என் விரலையும் வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கடலைப்பருப்பு அளவில் மூன்று முடிச்சுகள், வரிசையாக. பூச்சிக்கடியில் வரிசை இருக்காது.

"உதட்டில் எப்போதாவது ஏதாவது போட்டுக்கொண்டாயா, அம்மா?"

"இல்லை, டாக்டர்."

டாக்டர் மறுபடி கேட்கவில்லை. ஏதோ எழுதினார். பிறகு அண்ணியைப் பார்த்து, வரவேற்பறையில் பெயர், முகவரியைச் சரிபார்த்துவிட்டு வரச் சொன்னார். அண்ணி வெளியே போய்க் கதவு மூடியதும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆவணிக்கு முன்பு" என்றாள். அந்த டாக்டரின் சாமர்த்தியத்துக்கு எத்தனை மாத்திரை எழுதினாலும் ஈடாகாது. மகளுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க அம்மாவை வெளியே அனுப்ப வேண்டியிருக்கிற ஊரில் நாம் இருக்கிறோம்.

ஃபில்லர் போட்டு மாதக்கணக்கில் ஆனபிறகு வருகிற இந்த வீக்கத்துக்குத் தாமத எதிர்வினை என்று பெயர். எல்லோருக்கும் வருவதில்லை, அரிதுதான். ஆனால் வந்தால் யாருக்கும் சந்தேகம் தட்டாது, ஏனென்றால் ஊசி போட்டது அதற்குள் பழங்கதை ஆகியிருக்கும். ஒவ்வாமையில் அரிப்பைக் கிளப்புகிற, செட்ரிசின் தடுக்கிற ஹிஸ்டமின் என்ற உடம்பு வேதிப்பொருள் இதில் பிரதான குற்றவாளி அல்ல, அதனால்தான் செட்ரிசின் தோற்றுப்போனது. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் வேறொரு காரணத்துக்காக உசுப்பேறும்போது, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்த ஜெல்லையும் அந்நியனாகப் பார்க்கத் தொடங்குகின்றன. காய்ச்சல், சளி, சைனஸ் தொற்று, பல் தொற்று, பல் சிகிச்சை என்று எதுவும் உசுப்பலாம். சிலருக்கு ஊசி போட்ட அன்றே உள்ளே நுழைந்த கிருமிகள் ஜெல்லின்மேல் படலம் கட்டிக்கொண்டு பதுங்கியிருந்து பிறகு கிளம்புவதும் உண்டு. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது கடினம்.

இது உலகத்தின் கவனத்துக்கு வந்தது 2020 டிசம்பரில். அமெரிக்காவில் மாடர்னா கோவிட் தடுப்பூசியின் சோதனை முடிவுகளைப் பரிசீலித்தபோது, தடுப்பூசி போட்டவர்களில் மூன்று பேருக்கு முகமோ உதடோ வீங்கியது தெரிய வந்தது. மூவரும் முன்பே ஃபில்லர் போட்டவர்கள். ஒருவருக்குத் தடுப்பூசி போட்ட இரண்டாம் நாள் உதடு வீங்கியது. சோதனையில் இருந்தவர்கள் சுமார் 30,000 பேர், அதில் பாதிப் பேருக்குத்தான் உண்மையான தடுப்பூசி. எனவே மூன்று என்பது மிகச் சிறிய எண், வீக்கமும் அடங்கிவிட்டது. தடுப்பூசியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வருடா வருடம் வந்து போகிற சாதாரணக் காய்ச்சல் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்தது. ஆனால் அன்றிலிருந்து தோல் டாக்டர்கள் உதட்டு வீக்கத்தைப் பார்த்தால் கடந்த சில வருடங்களின் கதையைக் கேட்கிறார்கள். ஆறு மாதம், ஒரு வருடத்தில் கரைந்துவிடும் என்று சொல்லிப் போடப்படுகிற ஜெல், சில ஆண்டுகள் கழித்து எடுத்த எம்ஆர்ஐ படங்களிலும் தெரிந்திருக்கிறது.

தாமதமாக வந்தது ஒருவகையில் அவள் அதிர்ஷ்டம். யோசிக்க நேரம் இருந்தது. யோசிக்க நேரமே தராத ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் எனக்குத் தூக்கம் வராது.

முகத் தமனியின் கிளைகள் இரண்டு உதடுகளுக்குள்ளும் ஓடுகின்றன. பெரும்பாலும் உள்பக்கச் சவ்வுக்கு அருகில் ஓடும், ஆனால் ஆளுக்கு ஆள் ஆழம் மாறும். ஜெல் தவறிப்போய் அந்தக் குழாய்க்குள் புகுந்தாலோ, வெளியிலிருந்து அதை அழுத்தினாலோ, அதற்கு அப்பால் உள்ள சதைக்கு ரத்தம் போகாது. இங்கே வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். பார்க்க வேண்டியது நிறத்தை. முதலில் அந்த இடம் வெளுக்கும், பிறகு வலை பின்னியதுபோல் கருஞ்சிவப்பும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக மாறும். வலி சாதாரண ஊசி வலியைத் தாண்டிப் போகும். ஆனால் மரப்பு மருந்து கலந்த ஜெல் என்றால் முதல் சில மணி நேரம் வலி தெரியாமலும் போகலாம். விரலால் அழுத்தி எடுத்தால் போன நிறம் உடனே திரும்ப வேண்டும். இரண்டு மூன்று வினாடி கடந்தும் அது வெளுப்பாகவே நின்றால் விபரீதம்.

இந்த வெளுப்பைக் காட்டுகிற படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் அது அவ்வளவு பளிச்சென்று தெரியாது. சாம்பல் பூத்தாற்போல் இருக்கும், அல்லது ஒன்றுமே தெரியாது. உதட்டை மடித்து உட்புறத்தையும் ஈறையும் பார்க்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட வேண்டும். மூக்கோரம் வரையிலும் கூடப் பார்க்க வேண்டும், அதே குழாய் மேலே போகிறது. மிக அரிதாக அடைப்பு கண்ணுக்கான குழாய் வரை போய்ப் பார்வையையே பறித்திருக்கிறது. இந்த நிலையில் பனிக்கட்டி வைப்பது தவறு, அது குழாயை இன்னும் சுருக்கும். ஊசி போட்டவரிடமே உடனே திரும்பிப் போக வேண்டும், அவர் கை விரித்தால் பெரிய மருத்துவமனைக்கு. நாளை காலை பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் கிடையாது.

நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ அது இன்னொரு வகை. நிமிடங்களில் வருகிற கடும் ஒவ்வாமை. அங்கே கேள்வி கேட்க வேண்டாம், 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு கிளைக்கதை சொல்லிவிடுகிறேன், உதட்டு வீக்கம் என்றால் எல்லாம் அழகு ஊசியால்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் உதடு வீங்கி வந்தார். அவரும் கத்தரிக்காயைத்தான் குற்றம் சாட்டினார். ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை என்று கேட்டேன். ராமிப்ரில். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு உதட்டையும் நாக்கையும் வீங்க வைக்கும். தொடங்கிய வாரத்திலும் வரும், பல மாதம் வருடம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் வரும். அரிப்பு இருக்காது, செட்ரிசினுக்கு அடங்காது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், மாத்திரையை மாற்றினார்கள். அதிலிருந்து உதடு வீங்கி வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்பவை இரண்டு: அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா, உதட்டில் ஊசி போட்டிருக்கிறீர்களா? முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்கிறார்கள்.

தோல் டாக்டர் என் அண்ணன் மகளிடம் அடுத்து கேட்டது என்னைப் போன்ற மருந்துக்கடைக்காரிக்கு மிகவும் பிடித்த கேள்வி. "என்ன ஜெல், பேட்ச் எண் என்ன?" முறையான ஃபில்லர் பெட்டிக்குள் உரித்து ஒட்டுகிற சிறு ஸ்டிக்கர்கள் இருக்கும். பொருளின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை மருத்துவமனைக் கோப்பில் ஒட்டி, இன்னொன்றைப் போட்டுக்கொண்டவரிடம் கொடுக்க வேண்டும். இவளிடம் இருந்தது ஒரு ரசீது. அதில் "சரும பராமரிப்பு பேக்கேஜ்" என்று எழுதி ஒரு தொகை போட்டிருந்தது. மருந்தின் பெயர் இல்லை, போட்டவர் பெயர் இல்லை. போட்ட இடத்துக்குப் பேசினாள். "இம்போர்டட் ஜெல்தான்" என்றார்கள். காலி சிரிஞ்சை அன்றே குப்பையில் போட்டுவிட்டார்களாம். சாதாரணப் பாரசிட்டமால் அட்டைக்குக்கூட நான் பேட்ச் எண் எழுதிப் பில் போடுகிறேன்.

இது வெறும் கணக்குப் பிள்ளைத்தனம் இல்லை. ஹயலூரோனிக் ஜெல்லின் பெரிய நல்ல குணம், அதைக் கரைக்க மருந்து இருக்கிறது. சிலிக்கோன் திரவத்துக்கும் கரையாத நுண்மணிகள் கலந்த ஜெல்லுக்கும் அது கிடையாது. அவை உதட்டில் சேதம் செய்தால் வெட்டி எடுப்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். உள்ளே இருப்பது எது என்றே தெரியாவிட்டால் டாக்டர் இருட்டில் கல்லெறிய வேண்டியதுதான். ஊசியே இல்லாமல் காற்றழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்துகிற பேனா ஒன்று இணையத்தில் விற்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2021 அக்டோபரில் எச்சரித்தது. இவளுக்கு நல்லவேளையாக ஊசிதான். அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது ஹயலூரோனிக் ஜெல்லாகவே தெரிந்தது.

கரைக்கிற மருந்தின் பெயர் ஹயலூரோனிடேஸ். ஏதோ அழகுக்கலைக்காகப் புதிதாகக் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். திசுக்களுக்குள் பொருள்களைப் பரவச் செய்யும் ஒரு காரணி இருப்பதை 1928-லேயே டூரான் ரெய்னல்ஸ் என்ற விஞ்ஞானி கவனித்தார், அது இந்த நொதிதான் என்று பின்னால் தெரிந்தது. கண் அறுவை சிகிச்சைக்கு முன்பு மரப்பு ஊசி நன்றாகப் பரவ இதைக் கலந்து போடுவது வெகுகாலப் பழக்கம். கண்புரை அறுவை நடக்கிற ஊரில் இந்த மருந்து கிடைக்காமல் போகாது, வேலூரில் கேட்கவே வேண்டாம். இந்தியாவில் 1500 யூனிட் பொடியாகச் சிறு குப்பியில் வருகிறது, உப்புநீரில் கலக்கிப் போட வேண்டும். தேனீ, குளவி விஷத்திலும் இதே வகை நொதி இருப்பதால், அவை கொட்டிக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவசரமில்லாத நேரத்தில் தோலில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுவார்கள். ரத்தக்குழாய் அடைப்பில் அந்தச் சோதனைக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

உடனே கரைத்துவிடவும் இல்லை. தொற்று இருக்கிற இடத்தில் பரவச் செய்யும் மருந்தைப் போட்டால் கிருமியும் கூடவே பரவும். முதலில் பல்லைச் சரிசெய்தார்கள், நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் கொடுத்தார்கள். அது எழுதிய நாள்வரை முடிந்தாக வேண்டும் என்பதில் நான் போலீஸ்காரி ஆனேன். பிறகு இடைவெளி விட்டுக் கரைக்கிற ஊசி. எரிச்சலாக இருந்தது என்றாள். முடிச்சுகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. கரைக்கிற ஊசி தன் சொந்த உதட்டையும் கரைத்துவிடும் என்று எங்கேயோ படித்துவிட்டு ஒரு இரவு முழுக்க அழுதாள். உடம்பின் சொந்த அமிலம் அன்றாடம் உருவாகிக்கொண்டே இருப்பதால் அந்த இழப்பு சில நாளில் ஈடாகிவிடும் என்று டாக்டர் விளக்கியபிறகுதான் சமாதானமானாள். முடிந்தபோது அவளுக்குப் பிறந்தபோது இருந்த உதடு திரும்பக் கிடைத்தது. எங்கள் அம்மாவின் உதடு அது, கீழுதடு கொஞ்சம் கனம், மேலுதடு நூல் மாதிரி.

அந்தத் தை மாத முகூர்த்தங்களில் பாதியை அவள் இழந்தாள். மீதியை முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்தாள். மணப்பெண்கள் அவளிடம் கேட்கிறார்கள், "அக்கா, உதட்டுக்குப் போட்டுக்கொள்ளலாமா?" முன்பானால் ஒரு எண்ணைக் கொடுத்திருப்பாள். இப்போது கல்யாணத்துக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று முதலில் கேட்கிறாள். மாதம் முழுசாக இல்லையென்றால் பேச்சையே எடுக்க விடுவதில்லை. உதட்டில் கொப்புளம் அடிக்கடி வருமா, பல்லில் சொத்தை இருக்கிறதா என்றும் கேட்கிறாள். கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் கிருமி ஊசிக் காயத்தில் மறுபடி கிளம்பும் என்பது அவள் டாக்டரிடம் கற்றுக்கொண்டது. அண்ணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் பேசவில்லை, பிறகு பேசினார். கத்தரிக்காய் மட்டும் இன்னும் அந்த வீட்டுக்குள் வரவில்லை. எதற்கு வம்பு என்கிறார்.

இனிமேல் தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை, அவளுடைய உதடு. போட்டுக்கொண்டால் தகுதியுள்ள டாக்டரிடம், ஸ்டிக்கரோடு, கரைக்கிற மருந்து அந்த அறையிலேயே இருக்கிற இடத்தில் என்று மட்டும் சொன்னேன். போன வாரம் என் கடையில் உட்கார்ந்துகொண்டே, வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த பழைய எண்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசினாள். ஹயலூரோனிடேஸ் கைவசம் வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. ஒரு டாக்டர் தானே வந்து பேசி, எத்தனை குப்பி, எங்கே வைத்திருக்கிறோம் என்று சொன்னார். ஒரு இடத்தில் இணைப்பைத் துண்டித்தார்கள். இன்னொரு இடத்தில் வரவேற்பில் இருந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது இரவில் போடுகிற கிரீமா, மேடம்? ஸ்டாக் வந்ததும் சொல்கிறோம்" என்றாள். அந்த எண்ணை அங்கேயே அழித்தாள்.